தேதி தாண்டிய பிள்ளை

விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் ஒரு சலவைக்கூடத்தில், சென்ற ஆண்டு மழைக்காலத்தில், இதில் வரும் மருமகளின் வாயாலேயே இக்கதையைக் கேட்டேன். வேறு இருவர் சொல்லவும் கேட்டிருக்கிறேன். முடிவைத் தவிர மூன்றும் ஒன்றே.

பிரசவத் தேதி தாண்டி நாலைந்து நாள் ஆகியிருந்தது. வலி வரவில்லை. மறுநாள் காலையிலேயே அறுவை செய்து பிள்ளையை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. மருமகள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் குறை சொன்னார்கள். பெற்ற தாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்தவள்கூட, பிள்ளை எப்படிப் போனாலும் வயிற்றில் கோடு விழக்கூடாது என்று பார்க்கிற காலமாகிவிட்டது என்று காதில் விழும்படியே அங்கலாய்த்தாள்.

மாமியார் நேராகவே கேட்டாள். "இத்தனை மாசம் சுமந்துட்டு இப்ப எதுக்கும்மா இந்த அடம்?"

"அடம் இல்ல அத்தை. வயித்தைக் கிழிச்சா அப்புறம் பாரம் தூக்கக் கூடாதும்பாங்க. ஈரத்துணி மூட்டை தூக்காதவளுக்குச் சலவைக்கூடத்துல என்ன வேலை இருக்கு? அதோட, அந்தத் தேதியே தப்பு. அது உங்க புள்ளை சொன்ன தேதி."

அவள் சொன்னது உண்மை. முதல் தடவை காட்டப் போனபோது, கடைசியாக விலக்கானது என்றைக்கு என்று டாக்டரம்மா கேட்டார். புருஷன் எதிரே சொல்லக் கூசி இவள் வாயைத் திறப்பதற்குள், அவன் முந்திக்கொண்டு "ஒண்ணாந்தேதி" என்றுவிட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதி எல்லா லிஃப்டுக்கும் எண்ணெய் போடுகிறவன். கல்யாண நாள் எது என்று கேட்டாலும் அவன் வாயில் முதலில் ஒன்றுதான் வரும். டாக்டரம்மா மேசை மேலிருந்த வட்ட அட்டையைத் திருகினார். பிரசவத் தேதி விழுந்தது.

அடுத்த தடவை மருமகள் தனியாகப் போய், அது ஒன்றாம் தேதி அல்ல, மாதத்தின் நடுவில் என்று சொன்னாள். தனக்கு எப்போதுமே நாள் தள்ளித்தான் வரும் என்பதையும் சொன்னாள். மூன்றாம் மாதத்து ஸ்கேனும் பிரசவத்தை இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளியே காட்டியது. டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முதலில் எழுதிய தேதியை மட்டும் மாற்றவில்லை.

இப்போது மாமியார் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனான். தான் சொன்னது வெறும் குத்துமதிப்பு, இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"உன் லிஃப்டைப் பத்தி நான் ஏதாவது பேசறேனாப்பா?" என்றார் அவர், ஏறிட்டுப் பார்க்காமலே. "தேதி தேதிதான். உள்ள தண்ணி வேற குறையுது. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, குத்துமதிப்பா சொன்னேன்னு யார்கிட்டப் போய்ச் சொல்லுவ?"

அவன் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "எனக்குப் பயமா இருக்கு. போட்டுடு" என்றான். அவள் போட்டாள்.

பெண் குழந்தை. எடை குறைவு. மூச்சு வாங்கியதால் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். சரியான நேரத்தில் எடுத்தோம், இல்லாவிட்டால் சிக்கலாகியிருக்கும் என்று டாக்டரம்மா வெளியே வந்து சொல்ல, மாமியார் இரண்டு கையையும் கூப்பினாள். மருமகளின் தாய் அவர் காலிலேயே விழப் போனாள்.

மருமகள் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் உள்ளே படுத்திருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பெட்டி கட்டியாகிவிட்டது, கையில் மிச்சமிருந்த ஒரே கேஸும் முடிந்தது, சாயங்காலம் ஃப்ளைட் என்றார். பிறகு அவர் குரல் குழைந்தது.

"அழாதடி கண்ணு. முதல் பிரசவம் அப்படித்தான் இருக்கும். தேதி தாண்டிடுச்சு, தாண்டிடுச்சுன்னு அங்க பயமுறுத்துவாங்க. தேதிங்கறது சும்மா ஒரு உத்தேசம்டி. புள்ளைக்கு எப்ப வரணும்னு தெரியும். அம்மா வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தரையும் கத்தி வைக்க விடாதே."

மற்ற இருவர் சொல்லும் கதையில், விமானம் இறங்குவதற்குள் அந்த மகளையும் அறுத்துவிடுகிறார்கள். தாய் பெட்டியும் கையுமாக ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் நின்று அழுகிறாள். கேட்கிறவர்கள் இந்த முடிவையே விரும்புகிறார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

நான் அதை மருமகளிடம் சொன்னேன். அதற்குள் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பிள்ளை தேறி வந்துவிட்டது. மூட்டை தூக்குவதற்கு வேறொருத்தி வந்துவிட்டாள். இவளுக்கு அரைநாள் மடிப்பு வேலை மட்டும் மிஞ்சியிருந்தது.

"அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலைங்க" என்றாள், விரிப்பை மடித்தபடியே. "ஒரு மாசம் கழிச்சு நான் தையல் காட்டப் போனப்ப, ஊருக்குப் போய்த் திரும்பின டாக்டரம்மாவே நர்ஸ்கிட்ட சொல்லிச் சிரிச்சிட்டிருந்தாங்க. அவங்க மகளுக்குத் தேதி தாண்டி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சாம். பக்கத்துலயே உட்கார்ந்து பொறுமையா பார்த்துக்கிட்டாங்களாம். சுகப்பிரசவம்."