டோக்கியோ சரக்கு

இதனால் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழ் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், மாண்புமிகு தம்புசாமி அவர்களின் ஆஸ்டின் கார் நாளை முதல் கத்தாது.

அறிவித்தவர் தம்புசாமியேதான். சனாவுல்லாவின் பட்டறை வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்று அறிவித்தார். கேட்டவர்கள் சனாவுல்லாவும், காரின் நிழலில் படுத்திருந்த ஒரு நாயும். பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து சனாவுல்லாவின் மனைவி முத்து பீவி இருமினாள். சிரிப்பாகவும் இருக்கலாம்.

ஜப்பான்காரன் வந்து ஊரைப் பிடித்த பிறகு தம்புசாமி தெருத்தலைவர். கையில் பட்டை, காரில் ஜப்பான் கொடி, பங்கீட்டுக்கு மேல் அரிசி பதுக்கியவர்களைப் பிடிக்கும் அதிகாரம். ஆனால் பதவிக்கு வந்த நாளிலிருந்து ஒரு கைப்பிடி அரிசி பிடித்ததில்லை.

குற்றம் காருடையது. ஸ்பிரிங்குக்குள் மாட்டும் ரப்பர் வளையங்களான புஷ் எல்லாம் தேய்ந்து இரும்போடு இரும்பு உரச, குழிக்குக் குழி யாரோ நாதஸ்வரத்தை மிதித்தது போல 'கிறீச்' என்று கத்தும். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சோற்றுப் பானைகள் கோழிக்கூட்டுக்குள் போய்விடும். தலைவர் நுழையும்போது வீட்டுக்கு வீடு மரவள்ளி மாவில் தேங்காய்ப்பூ போட்டுச் சுட்ட ரொட்டியைப் பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டிருப்பார்கள். அது நீளும், அறுந்து வராது.

"காரை விட்டுட்டு நடந்து போனா சத்தமே இருக்காதே அண்ணே" என்றார் சனாவுல்லா.

"நடந்து போறவன் என்னய்யா தலைவன்? விளையாடாத. இந்த வாரத்துக்குள்ள ஒரு மூட்டையாச்சும் பிடிச்சுக் காட்டலைன்னா பட்டையையும் காரையும் பிடுங்கிக்குவேன்னு அந்த ஜப்பான் அதிகாரி சொல்லிட்டான்." சொன்ன பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "சொல்லிட்டாரு" என்று திருத்திக்கொண்டார்.

"அவ்வளவுதானே. மேரு தோட்டத்து ரப்பர் ஷீட்டு கெடக்கு. வெட்டிப் போட்டா வருசக்கணக்கா உழைக்கும்."

தம்புசாமியின் மீசை துடித்தது. "நிப்பான் கொடி கட்டின கார்ல தோட்டத்து ரப்பரா? என்னை என்னன்னு நெனச்ச? டோக்கியோ சரக்கு இருந்தா போடு. இல்லைன்னா வேற பட்டறை பார்த்துக்கிறேன்."

சனாவுல்லா தலையைச் சொறிந்தார். சுற்றிலும் ரப்பர் மரம். நடுவில் ஒரு மனிதர் கடல் கடந்த ரப்பர் கேட்கிறார்.

"நாளைக்கு வாங்க. பங்சார்ல ஒருத்தர்கிட்ட இருக்கும்னு கேள்வி."

மறுநாள் ஜப்பானிய எழுத்துப் போட்ட ஒரு தகர டப்பா தயாராக இருந்தது. உள்ளே கறுகறுவென்று எண்ணெய்ப் பளபளப்போடு வளையங்கள். தம்புசாமி ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"தேங்கா வாசம் அடிக்குதேப்பா."

"அதான் அண்ணே அசலுக்கு அடையாளம். நம்மூரு ரப்பர் நாறும்லா."

"அதானே" என்றார் தம்புசாமி, பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் போல.

சனாவுல்லா ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். ஸ்பிரிங் பின்களைத் தட்டி எடுத்து, தேய்ந்ததைச் சுரண்டிப் போட்டு, புது வளையங்களை அழுத்தி மாட்டினார். தம்புசாமி காரைக் கிளப்பினார். முதல் குழி. சத்தமில்லை. இரண்டாவது குழியில் வேண்டுமென்றே இறக்கினார். சத்தமில்லை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த குழிகளை எல்லாம் தேடித் தேடி ஏறி இறங்கினார். நடுத்தெருவில் மேய்ந்த கோழி ஒன்று கார் வந்ததே தெரியாமல், கடைசி நொடியில் இறகை உதிர்த்துவிட்டுப் பறந்தது. கோழிக்கே கேட்கவில்லை என்றால் கோழிக்கூட்டில் அரிசி வைத்தவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? இருக்கையில் துள்ளித் துள்ளிச் சிரித்தார்.

அன்று மாலை மழை கொட்டியது. கூரையில்லாத முற்றத்தில் கார் ஆனந்தமாக நனைந்தது.

மறுநாள் மதியம், தெரு சோற்றுக்கு உட்காரும் நேரம் பார்த்து, தம்புசாமி பூனை போல வந்தார். தெருமுனைக் குழியில் சக்கரம் இறங்கியது.

கிறீச்.

இதுவரை கேட்டிராத கிறீச். அவர் இறங்குவதற்குள் தெருவே ரொட்டியை இழுத்துக்கொண்டிருந்தது. முதல் வீட்டுப் பவுனம்மாள், "வாங்க தலைவரே, ஒரு துண்டு மெல்லுறீங்களா?" என்று அன்போடு நீட்டினாள்.

கார் கத்திக்கொண்டே பட்டறைக்குப் போனது. சனாவுல்லா அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"புஷ்ஷே இல்லண்ணே. கரைஞ்சு போச்சு."

"ரப்பர் எங்கயாவது கரையுமாய்யா?"

"டோக்கியோ சரக்கு பாருங்க. நம்மூரு மழை அதுக்குப் பழக்கமில்ல."

தம்புசாமி யோசித்தார். நிப்பான் சரக்கைக் குறை சொன்னால் யார் காதில் விழுமோ. "சரக்கு மேல குத்தமில்ல, மழை மேலதான் குத்தம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

"பேசாம தோட்டத்து ரப்பரையே போட்டுடட்டுமா?"

"திரும்பவும் அதே பேச்சா? நாளைக்குத்தான்யா கடைசி நாள். காலையில வரேன். டோக்கியோ சரக்கே இன்னொரு செட்டு போடு. கொஞ்சம் தடிமனா."

கொடி பறக்க, கார் கிறீச்சிட்டபடி புறப்பட்டது. அந்தச் சத்தத்தில், சனாவுல்லா வீட்டுப் பக்கம் திரும்பிச் சொன்னது தலைவர் காதில் விழவில்லை.

"பீவி, இன்னொரு ஈடு ரொட்டி கருகக் கருகச் சுடு. நடுவுல ஓட்டை போட மறந்துடாத."