பன்னிரண்டாவது வரி

எங்கள் தைபே அலுவலகத்தில் பதினோரு பேர். டேட்டாபேஸ் அட்டவணையை ஜேசன் (JSON) கோப்பாக இறக்க என்னென்ன ஆப்ஷன் வைக்கலாம் என்று, மதியச் சாப்பாட்டுப் பட்டியலை வைத்துச் சோதித்தேன். அட்டவணையில் பதினோரு வரி, கோப்பில் பன்னிரண்டு. கடைசி வரியில் பெயரில்லை, 'சைவம்' என்று மட்டும் இருந்தது.

"பதினோரு பேரை எண்ணத் தெரியாதாப்பா உனக்கு?" என்று மேலாளர் பான் கத்தினார். "உன் கோப்பைப் பாத்துத்தான் கடையில சொல்லித் தொலைச்சேன். மிச்சத்தை நீயே தின்னு!"

எங்களில் யாரும் சைவமில்லை. மூன்று மணிக்குப் பார்த்தால் அந்தப் பன்னிரண்டாவது சாப்பாட்டுப் பெட்டி காலி. மூடியில் ரப்பர் பேண்ட் திரும்ப மாட்டியிருந்தது.

கடுப்பில் 'பெயரில்லாத வரிகளை விட்டுவிடு' என்று ஓர் ஆப்ஷன் சேர்த்து, டிக் போட்டு, மறுபடி இறக்கினேன்.

பன்னிரண்டு வரி. கடைசி வரியில், பெயர் வரவேண்டிய இடத்தில்: 'நாளைக்கு உப்பு கம்மியா.'