வாழைநார்ச் சவுரி

பலாபத்வலை ஊரில், சவுரி செய்யும் ஜெஸ்லாவின் பட்டறை ஜன்னலோரம் என் மகள் கெத்தரின் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். வழுக்கைத்தலையனான எனக்குக் கண்ணாடி பிடிக்கும் உத்தியோகம். நாளைக்கு மாதா கோயிலில் அவளுக்குக் கல்யாணம். பிளாஸ்டிக் சவுரி வைத்தால் அரைமணியில் அவள் கழுத்து தடித்துச் சிவந்துவிடும். ஜெஸ்லா வாழைநாரை அவித்து, சீவி, கறுப்பேற்றிச் செய்த சவுரி இப்போது பின்னலாகி அவள் முதுகில் தொங்குகிறது. வெயில் அதில் வழுக்கி இறங்குகிறது. அரைமணி தாண்டியாயிற்று. "கயிறு மாதிரி விறைச்சுப் போயிடாதே, புள்ள?" என்று ஜெஸ்லாவிடம் கேட்கிறேன். "முதல்ல செஞ்சது கயிறுதான் அங்கிள். எங்க ஆடு தின்னுடுச்சு." "அப்ப மாப்பிள்ளை வீட்டுல ஆடு இருக்கான்னு விசாரிக்கணும்." யாரும் சிரிப்பதாயில்லை. கெத்தரினின் விரல்கள் பின்கழுத்துக்குப் போகின்றன. ஜெஸ்லாவின் சீப்பு அந்தரத்தில் நிற்கிறது. விரல்கள் சொறியவில்லை, பின்னலைத் தூக்கி முன்னால் போட்டுக்கொள்கின்றன. "அப்பா, கண்ணாடிய ஆட்டாதீங்க," என்கிறாள்.