ஈஸ்வரபாண்டி சொன்ன கதை

எதிர்வீட்டு டீச்சர் பார்க்கச் சொன்ன, விருது வாங்கிய பழைய மலையாளப் படம் அது. கீழே எழுத்து ஓடாது. வசனத்தையெல்லாம் ஈஸ்வரபாண்டிதான் மனைவி முனீஸ்வரிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தொட்டில் காலியா இருக்கு. அவ எதுக்கு மாமா அழுகுறா?"

"பிள்ளை அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்காம்."

"அதுக்கா ஊரே கூடி அழுகுது? உங்களுக்கு மலையாளமே தெரியாது!" முனீஸ்வரி சிரித்தாள்.

மகனின் மானம் போவது மொக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஏலே, குமுளிக்கு ஏழு வருசமா ஜீப் ஓட்டுறவனுக்கு இதுகூடவா புரியல?"

"புரியுது ஆத்தா. பிள்ளை செத்துப்போச்சு. அதை நிறைமாசக்காரிகிட்ட எப்படிச் சொல்ல?"

மொக்கம்மாள் நேரே போய் மெயினை அணைத்தாள்.

"கரன்ட் போயிருச்சு, தாயி!"