ஒந்தோ: எடுத்துக்காட்டு தேவை

பன்னிரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். அவள் கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டுக்கு 'ஒந்தோ'வை நீக்கிவிடுவார்கள்.

ஆர்வலர்கள் கூடி எழுதும் தமிழ் இணைய அகராதியில், ஸ்பெயினின் வடக்கே பேசும் பாஸ்க் மொழிக்கென்று ஏறிய முதல் சொல் அது. ஏற்றியவள் அவள். பாஸ்கில் 'நன்றாக', நல்லது என்னும் 'ஒன்' அதன் வேர். இடோ என்னும் செயற்கை மொழியில் 'அலை'. அது பிரெஞ்சு, இத்தாலியப் பக்கமிருந்து வந்தது. இரண்டு மாத உழைப்பு.

எல்லாம் சரி. பாஸ்க் எடுத்துக்காட்டை மட்டும் அவளே இட்டுக்கட்டி எழுதிவிட்டாள்.

கதிர்வேலன் விடுவாரா? திருப்பூரிலிருந்து அகராதியை மேற்பார்ப்பவர். அவள் நேரில் பார்த்ததில்லை.

"அந்த மொழிக்காரர் ஒருவர் நிஜமாகச் சொன்ன வாக்கியம் வேண்டும். ஏழு நாள் அவகாசம்."

அவ்வளவுதான் எழுதியிருந்தார். அகராதியின் பேச்சுப் பக்கத்தில் ஊர்க்கதை கூடாது என்று விதி போட்ட மனிதர்.

பாஸ்க் பேசும் பெர்மியோ துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஆந்தெர், வாக்கியம் தருவதாகச் சொல்லியிருந்தான். நான்கு நாளாகப் பதிலே இல்லை.

"அந்த ஆளு இனிமே எங்க பேசப்போறான்? எந்திரிச்சு வா, சோறு ஆறுது" என்றான் கணவன்.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. ஆந்தெரின் குரல்பதிவு. மூச்சிரைத்தது. பின்னால் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டது.

"அமா ஒந்தோ தாகோ, உமேயா ஏரே பாய்."

தாய் நலம், குழந்தையும் நலம்.

மகராசன்! அவள் படபடவென்று தட்டினாள்.

'நன்றி. இதை யாரிடம் சொன்னீர்கள்? எத்தனை மணிக்கு?'

'என் அம்மாவிடம். இப்போதுதான்.'

ஆள், ஊர், நாள், நேரம். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டாள். சொல் பிழைத்தது. அவளுக்கு நாற்காலியோடு துள்ளவேண்டும் போலிருந்தது.

பேச்சுப் பக்கத்தில் கதிர்வேலன் எழுதினார்.

"ஏற்கப்பட்டது. குழந்தை ஆணா, பெண்ணா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடிப்பாவி, ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லையே!

உடனே வாழ்த்தினாள். மன்னிப்பும் கேட்டாள். ஆந்தெர் சிரித்துக்கொண்டே பேசினான்.

'பெண். இன்னும் பெயர் வைக்கவில்லை. உங்கள் அகராதியில் நல்ல தமிழ்ச் சொல் ஒன்று கிடைக்குமா?'

அதை அப்படியே கதிர்வேலனுக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

கைகழுவி வந்து பார்த்தபோது பதில் வந்திருந்தது.

ஏழு நாள் அவகாசம் கேட்டிருந்தார்.