எடுத்துப் போகக் கூடாதவை

தீவின் படகுத்துறையில் காவலர் அந்த இளைஞனின் பெட்டியைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்.

"சங்கு, சிப்பி, பவளம்?"

"எதுவும் இல்லைங்க."

"செருப்பை உதறுங்க. ஒரு பிடி மணல்கூடத் தீவை விட்டுப் போகக் கூடாது."

உதறினான்.

"காலி பாட்டிலை இங்கேயே போட்டுடலையே?"

"பையில இருக்கு."

"படகு நடுவுல உட்காருங்க. ஆட்டம் தெரியாது."

படகுக்காரர் பொறுமையிழந்து, "யாரையும் நீங்க இவ்வளவு நேரம் நிறுத்தி வச்சதில்லையே!" என்றார்.

காவலர் காதில் வாங்கவில்லை. "வேற எதையாவது எடுத்துட்டுப் போறீங்களா?"

இளைஞன் பின்னால் நின்ற புது மனைவியைப் பார்த்தான்.

"உங்க பொண்ணை மட்டும்தான், மாமா."

காவலர் அவனது பெட்டியை மூடினார்.

"அதுக்குத் தடை ஒண்ணும் இல்லை, மாப்பிள்ளை."

மகளின் பெட்டியை மட்டும் திறக்காமலே தூக்கிக்கொண்டு, படகை நோக்கி மெதுவாக நடந்தார்.