முன்னால் நாலு பல்

“உதடு லேசா உப்பின மாதிரி தெரியுதே, டாக்டர்?”

கைக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி அப்பா கேட்டது இது நாலாவது தடவை.

பக்கத்தில் நின்ற மகளுக்கு மானம் போனது. வெளியூரில் வேலை அவளுக்கு. லீவு போட்டுவிட்டு நேற்றுதான் வந்திருந்தாள்.

அப்பாவுக்கு வயது எழுபத்தொன்று. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி, குழாயில் முகம் இடித்து, மேல்வரிசையில் முன்பல் நாலும் போயின. கழற்றி மாட்டும் பல்செட் போதும் என்றார் பல் டாக்டர். அப்பா மசியவில்லை. தாடை எலும்பில் இரண்டு ஸ்க்ரூ இறக்கி, அது எலும்போடு பிடிக்கும்வரை காத்திருந்து, இன்றைக்கு அதன்மேல் நிரந்தரப் பல்.

“அப்படியே கடைவாய்ப் பல்லையும் கட்டிடலாமே சார்? எட்டு வருஷமா ஒரு பக்கமாவே மெல்றீங்க.”

“அது கிடக்கட்டும் டாக்டர். உள்ள இருக்கறதை யாரு பார்க்கப் போறா? வெளியில தெரியற நாலும் சரியா இருந்தா போதும்.”

மகளால் பொறுக்க முடியவில்லை.

“ஏம்ப்பா, எந்தப் படத்துல ஹீரோ சான்ஸ் வந்திருக்கு? எங்ககிட்டயும் சொல்லலாம்ல?”

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அது மகளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“பல் போன கையோட மீசையையும் எடுத்துட்டார் சிஸ்டர். நாப்பது வருஷத்து மீசை! வீடியோ கால்ல யாரோ எவரோன்னு நான் கட் பண்ணிட்டேன்.”

“சாருக்கு இப்பதான் வயசு திரும்புது போல” என்றாள் நர்ஸ்.

“அம்மாவுக்குத்தான் இதெல்லாம் சுத்தமாப் பிடிக்கல. இப்பல்லாம் போன்லயே வர்றதில்ல. இவர்தான் எடுத்து, ‘அம்மா வேலையா இருக்கா’ம்பார். நேத்து நான் வந்து இறங்கி, ‘எப்படிம்மா இருக்கே’ன்னு கேட்டா, தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டா. எல்லாம் இவர் அடிக்கற கூத்துல வந்த கோபம்!”

அப்பா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டாக்டர் கடைசியாக ஒருமுறை கடிக்கச் சொல்லிப் பார்த்தார். “எங்க, ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் சொல்லுங்க.”

அப்பா பத்தோடு நிற்கவில்லை.

“‘வா’ங்கறேன். பல்லு கீழுதட்டுல படுதா பாருங்க.”

“படுது.”

“‘தா’ங்கறேன். நாக்கு நுனி தெரியுதா?”

“நல்லாவே தெரியுது. இருபது வருஷமா பல் கட்டறேன் சார். நாக்கு தெரியணும்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்.”

அப்பா கைக்கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே ஓடினார். மகள் தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

காத்திருக்கும் இடத்தில் ஏழெட்டுப் பேர். மூலை நாற்காலியில் அம்மா, மடியில் பையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்பா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் கையைத் தட்டினார். அம்மா நிமிர்ந்தாள். அப்பா ஏதோ சொன்னார்.

அம்மாவின் முகம் சட்டென்று மலர்ந்தது.

“ஆமா, இந்த வயசுல இது ஒண்ணுதான் குறைச்சல்!”

அம்மா போட்ட சத்தத்தில் மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

அப்பா விடவில்லை. மறுபடி ஏதோ சொன்னார். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

“போதும், மீதியை வீட்டுல வந்து சொல்லுங்க. எல்லாரும் பார்க்கறாங்க!”

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் தோளுக்குப் பின்னால் ஒட்டித்தான் நின்றிருந்தாள்.

“என்னப்பா சொன்னீங்க? எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேக்கலையே?”

“சத்தமாச் சொல்லலையேம்மா. வெறும் வாயசைச்சேன்.”

அப்பா எழுந்து, அவளைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார்.

“உங்கம்மாவுக்குக் காது சுத்தமாப் போய் ரெண்டு வருஷமாச்சு. மிஷின் வச்சும் பிரயோஜனமில்ல. உனக்குத் தெரிஞ்சா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு சொல்லக்கூடாதுன்னுட்டா. என் வாயைப் பார்த்துத்தான் எல்லாத்தையும் தெரிஞ்சுக்குவா. நீ போன்ல பேசறதைக்கூட நான் பக்கத்துல இருந்து வாயசைச்சுத்தான் சொல்லிட்டிருந்தேன்.”

அம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்பா சொன்னார்:

“இந்த அஞ்சு மாசமா அவளோட பேச ஆளே இல்லாமப் போச்சும்மா.”